ப்ரமோஷன் தானாக வராது: புதிய கல்லூரி ஆசிரியர்களுக்குப் படிப்படியாக

பொள்ளாச்சியில் பஸ் ஏறி கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பாலக்காடு மாவட்டத்துக்குப் பாடம் நடத்த வரும் கூட்டத்தில் நானும் ஒருவன். புதிதாக வேலையில் சேர்ந்த பிள்ளைகள் பஸ்ஸிலேயே கேட்பது ஒன்றுதான்: "சார், எங்களுக்கு ப்ரமோஷன் எப்ப வரும்?" வராது. நாம் எழுதிக் கேட்டு, காகிதம் காட்டி வாங்க வேண்டும்.

இதற்குப் பெயர் கேரியர் அட்வான்ஸ்மென்ட் ஸ்கீம். கேரளத்து ஆபீஸ்களில் 'ப்ளேஸ்மென்ட்' என்பார்கள், தமிழ்நாட்டு நண்பர்கள் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'கேஸ்' (CAS) என்பார்கள். கேஸ் போட்டிருக்கிறேன் என்று வீட்டில் சொல்லி, யார் மேல் என்று மாமியார் பயந்துபோன கதையும் உண்டு. மேல் பதவியில் இடம் காலியாகும்வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. உயர்வு ஆளுக்குத்தான், நாற்காலிக்கு இல்லை. நீங்கள் ஓய்வு பெற்றதும் அந்த இடம் பழைய நிலைக்கே போய்விடும்.

முதலில் ஏணியைப் புரிந்துகொள்ளுங்கள். நான் சொல்வது யூஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2018 விதிகள். 2025 ஜனவரியில் புது வரைவு வந்தது, கேரள சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானமும் போட்டது, அதனால் நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று ஆபீசில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். உதவிப் பேராசிரியர் சேருவது லெவல் 10 என்ற சம்பளப் படியில், தொடக்கச் சம்பளம் 57,700 ரூபாய். பிஎச்டி இருந்தால் 4 வருடத்தில், எம்ஃபில் என்றால் 5, இரண்டும் இல்லையென்றால் 6 வருடத்தில் லெவல் 11. அங்கே 5 வருடம் இருந்தால் லெவல் 12. இதுவரை பதவிப் பெயர் உதவிப் பேராசிரியர்தான். அப்புறம் 3 வருடம் கழித்து 13ஏ, அதாவது இணைப் பேராசிரியர் (1,31,400). பிஎச்டி இல்லாமல் இந்தப் படியில் கால் வைக்க முடியாது. இன்னும் 3 வருடத்தில் லெவல் 14, பேராசிரியர். எல்லாம் கூடி வந்தால் 15 வருடம்.

சரி, வேலையில் சேர்ந்த அன்றைக்கே ஒரு நோட்டில் தேதி போடுங்கள். 2019 ஜூன் 10-இல் பிஎச்டியோடு சேர்ந்தவருக்கு முதல் உயர்வுக்கான கெடு 2023 ஜூன் 10. அதற்குள் படிப்புகள் முடிந்திருக்க வேண்டும்: கற்பிக்கும் முறை பற்றிய 21 நாள் ஓரியண்டேஷன் ஒன்று கட்டாயம், கூடவே ரெஃப்ரெஷர் என்னும் புத்தாக்கப் பயிற்சி, அல்லது சான்றிதழோடு முடித்த மூக் என்னும் இணையவழிப் படிப்பு, இந்த இரண்டில் ஒன்று. நான் ஏமாந்தது இங்கேதான். என் தேதி ஜூனில், ரெஃப்ரெஷர் முடிந்தது செப்டம்பரில். தகுதி முழுமையான நாளிலிருந்துதான் உயர்வு தருவார்கள் என்பதால் மூன்று மாத அரியர் போனது, அது போகட்டும், அதற்கு மேலே உள்ள எல்லாப் படிகளும் மூன்று மாதம் தள்ளிப்போயின. இன்றுவரை அந்த மூன்று மாதம் என் பின்னாலேயே வருகிறது.

வருடாந்திர மதிப்பீடு எளிது. எடுக்க வேண்டிய வகுப்புகளில் 80 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்தால் 'நன்று', 70-க்கு மேல் 'திருப்தி', அதற்குக் கீழே போனால் அந்த வருடம் வீண். கூடவே என்எஸ்எஸ், தேர்வு வேலை, மாணவர் மன்றம் என்று ஏதாவது ஒன்றிலாவது கை வைத்திருக்க வேண்டும். பிஎச்டிகாரருக்கு 4 வருடத்தில் 3 வருடமாவது தேறினால் போதும். ஆனால் அந்த வேலையைக் கொடுத்த ஆர்டரை அந்தந்த வருடமே வாங்கி வையுங்கள். நான்கு வருடம் கழித்துப் போனால் பிரின்சிபாலே மாறியிருப்பார்.

பேராசிரியர் படிக்கு மட்டும் கணக்குப் பாடம் உண்டு: குறைந்தது 10 கட்டுரை, அதில் 3 இணைப் பேராசிரியராக இருக்கும் அந்தக் கடைசிக் காலகட்டத்தில் வந்திருக்க வேண்டும், மொத்த ஆய்வு மதிப்பெண் 110. தமிழ், மலையாளம் போன்ற மொழித் துறையில் தனியாக எழுதிய கட்டுரைக்கு 10 மதிப்பெண், அறிவியலில் 8. இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். மூன்று பேர் என்றால் முதல் ஆளுக்கு 70, மற்றவர்களுக்கு 30 சதவீதம். நட்புக்காகப் பெயர் சேர்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை, புத்தகம், ஆய்வு வழிகாட்டல் என்று மதிப்பெண் தரும் ஆறு வகைகளில் மூன்றிலாவது மதிப்பெண் இருந்தாக வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நம் எல்லைக்காரர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. மலையாளப் புத்தகம் ஒன்றைத் தமிழில் கொண்டுவந்தால் 8 மதிப்பெண், ஒரு அத்தியாயம் என்றால் 3. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் இரண்டு மொழியிலும் பேரம் பேசும் நமக்கு இது பெரிய வேலையா? தனிக் கட்டுரை பத்துக்கு 100, மொழிபெயர்ப்புக்கு 8, வழிகாட்டிய முதுகலை ஆய்வேடு ஒன்றுக்கு 2, கரெக்டாக 110. இதழின் இம்பாக்ட் ஃபேக்டருக்கு, அதாவது அதன் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவுக்கு, கிடைக்கும் கூடுதலை நான் இதில் சேர்க்கவில்லை. எந்த இதழில் எழுதுவது என்று, ஏற்கத்தக்க இதழ்களைச் சொன்ன யூஜிசி கேர் பட்டியலைத் தேடாதீர்கள், 2025-இல் அதை நிறுத்திவிட்டார்கள். நிபுணர் பார்வைக்கு அனுப்பித் தேர்ந்தெடுக்கும் இதழா என்று நீங்களே பார்க்க வேண்டும்.

கடைசியாக விண்ணப்பம். கெடு தேதிக்கு மூன்று மாதம் முன்பே கொடுக்கலாம், கொடுங்கள். ஐக்யூஏசி என்னும் கல்லூரியின் தர உறுதிக் குழு சரிபார்த்த பிறகு, லெவல் 12 வரை ஸ்க்ரீனிங் கமிட்டி, அதற்கு மேலே செலெக்‌ஷன் கமிட்டி. தமிழ்க் கட்டுரைகள் வைப்பவர்கள் ஒவ்வொன்றின் மேலும் தலைப்பு, இதழ் பெயர், மாதம், பக்க எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். என் ஃபைலைப் புரட்டிய க்ளார்க் சேட்டன் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு, "சாரே, இதில் சாரின் பேர் எவிடெ?" என்று கேட்டார்.