பிரேக் ஆயில் ஊற்றும் முன் பிரேக் பேடைப் பாருங்கள்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 18 ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எஞ்சின் திணறும். இறங்கும்போதுதான் பிரேக்கின் யோக்கியதை தெரியும்.

ஒரு மே மாதம், ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று பயணிகள் அவசரப்படுத்த, மூன்றாவது கியரிலேயே இறங்கினேன். வளைவுக்கு வளைவு பிரேக்கில்தான் கால். 9-ஆவது வளைவுக்குச் சற்று மேலே கருகல் வாடை வந்தது. அடுத்த மிதியில் பெடல் பஞ்சுபோல் உள்ளே போனது. இரண்டாவது, முதல் என்று கியரைக் குறைத்து, விட்டுவிட்டு மிதித்து, காட்சிமுனை அருகே ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுத்தேன். தண்ணீர் ஊற்றச் சொன்னார் ஒருவர். கூடாது, சூடேறிய டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) கோணிவிடும், விரிசலும் விடலாம். தானாக ஆற முக்கால் மணி நேரம் ஆனது. ரயில் போய்விட்டது.

டிஸ்க்கை இறுக்கிப் பிடித்து நிறுத்தும் பேடுகளில் குறையில்லை. குற்றவாளி, பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில்; அதை மூன்று ஆண்டுகள் மாற்றவில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ‘டாட் 4’ (DOT 4) தரத்துப் புதிய பிரேக் ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்பதுதான் தர அளவு. கொதித்தால் குமிழி வரும், குமிழி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். அன்று முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுகிறேன்.

இன்னொன்று, ஆயில் அளவு இறங்கியிருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேய அளவு தானாக இறங்கும். நிரப்பிவிட்டால் அந்தத் தகவலை நாமே அழித்துவிடுகிறோம். முதலில் பேடைப் பாருங்கள். பேடும் தேயவில்லை, ஆயிலும் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. வண்டியை எடுக்கக் கூடாது.

பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். ஏறக்குறைய இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிய கனம். சக்கரத்தின் இடுக்கு வழியே தெரிவது வெளிப்பேட் மட்டும்தான். ஒருமுறை என் வண்டியில் அது பாதிக்கு மேல் இருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்பேட் வெறும் தகடு. பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பகுதியான காலிப்பர் நகரும் ‘பின்’ கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. ஆகவே சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மழை பெய்த மறுநாள் காலையில் கேட்கும் கீச்சொலி டிஸ்க்கில் படிந்த துரு. நாலைந்து மிதியில் போய்விடும். நாள் முழுதும் கேட்டால் பல பேடுகளில் உள்ள எச்சரிக்கைத் தகடு உரசுகிறது என்று பொருள்; அந்த வாரமே ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். கரகரவென்று அரைக்கும் சத்தத்துக்கு ஒரு வாரம்கூடத் தவணை கிடையாது. இரும்பும் இரும்பும் தேய்கின்றன. பேடோடு முடிய வேண்டிய செலவு டிஸ்க்கையும் சேர்த்துக்கொள்ளும்.

மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் சீராக இல்லை. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் பெரும்பாலும் ஒரு காலிப்பர் சரியாக வேலை செய்யவில்லை. சிக்னலில் மிதித்து நிற்கையில் பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகியுங்கள். பெடல் கல்லாக இருந்தால், எஞ்சினை நிறுத்தி ஐந்தாறு முறை மிதித்து, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். சற்றே கீழே இறங்கினால், காலின் அழுத்தத்தைப் பெருக்கும் பூஸ்டர் நலம். அசையவில்லை என்றால் கோளாறு அங்கேதான்.

புதிய பேட் மாட்டியதும் வண்டியை நகர்த்தும் முன் பெடல் இறுகும்வரை பலமுறை மிதியுங்கள். பேட் மாற்றும்போது காலிப்பருக்கு உள்ளே தள்ளிய பிஸ்டன், பேடைத் தொடும்வரை பிரேக் பிடிக்காது. இதை மறந்து ரிவர்ஸ் எடுத்த நண்பர் ஒருவர், ஒர்க்‌ஷாப் வாசலிலிருந்த தண்ணீர்த் தொட்டியில் மோதித்தான் நின்றார்.