செல் உடைப்பில் புரதம் சிதையாமல் காக்க: பிஎம்எஸ்எஃப் கையாளும் முறை

செல்லை உடைத்ததும் உள்ளே தனித்தனி அறைகளில் அடைபட்டிருந்த புரோட்டியேஸ்கள் (புரதத்தை வெட்டும் நொதிகள்) வெளியே வந்து, நீங்கள் தேடும் புரதத்தையே வெட்டத் தொடங்கும். இவற்றில் ஒரு பெரிய குடும்பம் செரீன் புரோட்டியேஸ்கள். டிரிப்சின், கைமோடிரிப்சின், எலாஸ்டேஸ், திராம்பின் எல்லாம் இதில் அடக்கம். வெட்டும் வேலையைச் செய்வது அவற்றின் செயல்மையத்தில் உள்ள செரீன் என்ற அமினோ அமிலம். பிஎம்எஸ்எஃப் (ஃபீனைல்மெத்தில்சல்ஃபோனைல் ஃபுளோரைடு) என்ற தடுப்பான் அந்த செரீனோடு சகப்பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும், பிறகு விடாது. அப்ரோட்டினினும் லூபெப்டினும் மீளக்கூடிய தடுப்பான்கள். டயாலிசிஸ் (சவ்வு வழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுவது) செய்தோ நிறைய பஃபர் சேர்த்தோ அவற்றின் செறிவு குறைந்தால் நொதி மறுபடி விழித்துக்கொள்ளும்.

ஸ்டாக் தயாரிப்பு

பிஎம்எஸ்எஃப் நச்சுப்பொருள். கண்ணையும் சளிச்சவ்வையும் அரிக்கும். நரம்புக்குத் தேவையான அசிட்டைல்கோலின்எஸ்டரேஸையும் முடக்கும். கையுறை, கண்ணாடி அணிந்து ஃபியூம் ஹூடுக்குள்தான் பொடியைக் கையாள வேண்டும்.

100 மில்லிமோலார் ஸ்டாக்குக்கு (செறிவாகச் செய்து வைக்கும் கரைசல்) மி.லி.க்கு 17.4 மி.கி. வேண்டும். தராசில் 174 மி.கி. சரியாக வரட்டும் என்று பொடியைக் கூட்டிக் குறைத்துக் கொண்டிருக்காதீர்கள், அதற்குள் பாதி காற்றில் பறந்திருக்கும். எடுத்தது 45 மி.கி. என்றால் 2.6 மி.லி. நீரற்ற ஐசோப்ரோபனால் ஊற்றுங்கள், கணக்கு முடிந்தது. சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

உறைபெட்டியிலிருந்து எடுக்கும்போது அடியில் படிகம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அறை வெப்பநிலைக்கு வந்தபின் வோர்டெக்ஸ் கருவியில் குலுக்கினால் கரைந்துவிடும். குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும், ஸ்டாக் அங்கிருந்தே கெட ஆரம்பிக்கும்.

எப்போது சேர்ப்பது

தொடக்கநிலையினர் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் நிலைக்காது. 25 டிகிரியில் அதன் அரைவாழ்வு பிஎச் 7.0-இல் சுமார் 110 நிமிடம், 7.5-இல் 55, 8.0-இல் 35. நேற்றே பஃபர் பாட்டிலில் கலந்து வைத்தது இன்று வெறும் பஃபர்தான். பனியில் வைத்தால் சிதைவு மெதுவாகும், நிற்காது. ஆகவே உடைப்பதற்குச் சற்று முன் சேர்த்து, நீண்ட சோனிகேஷன் (ஒலி அலையால் செல்லை உடைப்பது) என்றால் நடுவில் இன்னொரு முறை சேர்க்கவும்.

10 மி.லி. பஃபருக்கு (50 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 7.5, 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 1% டிரைட்டான் எக்ஸ்-100):

- 100 மில்லிமோலார் பிஎம்எஸ்எஃப்: 100 மைக்ரோலிட்டர் (இறுதியில் 1 மில்லிமோலார்)
- 2 மி.கி./மி.லி. அப்ரோட்டினின்: 10 மைக்ரோலிட்டர்
- 10 மில்லிமோலார் லூபெப்டின்: 10 மைக்ரோலிட்டர்

பிஎம்எஸ்எஃப்பைக் குளிர்ந்த பஃபரில் ஒரே இடத்தில் ஊற்றினால் வெள்ளையாகத் திரளும். கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். லூபெப்டின் சிஸ்டீன் புரோட்டியேஸ் பலவற்றையும் அடக்கும். செரீன் தடுப்பானை மட்டும் நம்பினால் லைசோசோமின் கதெப்சின்கள் தப்பிவிடும். உலோக அயனியை நம்பி வேலை செய்யும் மெட்டல்லோ புரோட்டியேஸுக்கு, அந்த அயனியைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ 1 மில்லிமோலார் போதும். ஆனால் அடுத்து புரதத்தைப் பிரித்தெடுக்க நிக்கல் நிரல் (column) ஓட்டுவதாக இருந்தால் ஈடிடிஏ வேண்டாம், நிக்கலைப் பிடுங்கிவிடும். தடுப்பான்கள் கலந்த மாத்திரை வாங்கினாலும் அதில் ஈடிடிஏ உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உடைப்பு

10 செ.மீ. தட்டின் செல்களைக் குளிர்ந்த பிபிஎஸ்ஸால் (பாஸ்பேட் உப்பு பஃபர்) இருமுறை கழுவி, 500 மைக்ரோலிட்டர் பஃபர் விட்டுச் சுரண்டி எடுங்கள். டிரிப்சின் போட்டுப் பெயர்த்தால் நீங்களே ஒரு செரீன் புரோட்டியேஸைக் கூடவே அழைத்து வருகிறீர்கள். பனியில் 15 நிமிடம் வைத்து, 4 டிகிரியில் 12,000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றி, மேல்திரவத்தை எடுக்கவும்.

பின்னால் வரும் சிக்கல்கள்

புரதத்தோடு இணைத்த டேக்கை (அடையாளத் துண்டு) திராம்பினோ ஃபேக்டர் எக்ஸ்ஏ-யோ கொண்டு வெட்டப்போகிறீர்களா? இரண்டும் செரீன் புரோட்டியேஸ்கள்; மிச்சமுள்ள தடுப்பான் அவற்றையும் முடக்கும், முதலில் பஃபரை மாற்றுங்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு டிரிப்சின் செரிப்பு செய்வதற்கும் இதே எச்சரிக்கை. பிஎம்எஸ்எஃப்புக்குப் பதில் நீரில் கரையும் ஏஇபிஎஸ்எஃப் வசதியானதுதான், ஆனால் அது டைரோசின், லைசின் போன்ற பக்கச்சங்கிலிகளிலும் ஒட்டக்கூடும். அப்போது எதிர்பாராத நிறை கூடித் தெரியும்.

வெஸ்டர்ன் பிளாட்டில் (ஆன்டிபாடியால் புரதத்தை அடையாளம் காணும் சோதனை) கீழே சிறு பேண்டுகள் வந்தால், அது சிதைவா என்று அறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. தடுப்பான் இல்லாமல் எடுத்த லைசேட்டைத் (செல்லை உடைத்து எடுத்த திரவம்) தடுப்பானோடும், ஐசோப்ரோபனால் மட்டும் சேர்த்தும், இரண்டு பங்குகளாக 37 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். ஐசோப்ரோபனால் பங்கில் மட்டும் முழுநீளப் பேண்டு மங்கிச் சிறு பேண்டுகள் கூடினால், வெட்டுவது புரோட்டியேஸ்தான். இரண்டிலும் ஒரே மாதிரி கூடினால், வெட்டும் நொதி வேறு குடும்பமாக இருக்கலாம். ஆஸ்பார்டிக் வகைக்கு பெப்ஸ்டாட்டின் 1 மைக்ரோமோலார் சேர்த்துப் பாருங்கள். எதிலும் மாற்றமே இல்லையென்றால் அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது ஆன்டிபாடியை.