கல்லில் பெயர் இருக்கிறது, ஆள் அங்கே இருக்கிறாரா?

பிரிட்டனில் ஏதாவது ஒரு கிராமத்துத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்குப் போர்வீரர்களைத் தேடிப் போகிறவரின் கண் முதலில் வெள்ளைக் கற்கள் மேல்தான் விழும். எல்லாம் ஒரே அளவு: உயரம் 81 செ.மீ., அகலம் 38 செ.மீ., தலைப்பக்கம் லேசான வளைவு, வளைவை ஒட்டிக் கீழே அவருடைய ரெஜிமென்ட்டின், அதாவது படைப்பிரிவின், சின்னம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் நட்டவை. அவற்றை எண்ணி, 'மூன்று பேர்' என்று குறித்துக்கொண்டு பலர் கிளம்பிவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான்.

உள்நாட்டு மருத்துவமனையிலோ பயிற்சி முகாமிலோ இறந்தவரைக் குடும்பமே சொந்த ஊருக்குக் கொண்டுவந்து, தன் விருப்பப்படி கல் வைக்க முடிந்தது. அதனால் பாசி படிந்த சாதாரணக் குடும்பக் கல்லுக்கு அடியிலும் போரில் இறந்தவர் இருப்பார். ஆணையத்தின் தேடுபொறியில் ஊர்ப் பெயரைப் போட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு போங்கள். பட்டியலில் ஐந்து பேர் இருந்து வெள்ளைக்கல் மூன்றுதான் என்றால் மீதி இருவர் குடும்பக் கற்களில் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறுதான் அதிகம் நடக்கிறது. அப்பா, அம்மா பெயருக்குக் கீழே 'இவர்களுடைய மகன், பிரான்ஸில் கொல்லப்பட்டான், 1916' என்று ஒரு வரி இருக்கும். உடனே 'இங்கே அடக்கம்' என்று எழுதிவிடுவார்கள். வெளிநாட்டுப் போர்க்களத்தில் விழுந்தவர்களின் உடலைத் தாய்நாட்டுக்கு எடுத்துவருவதை 1915-லேயே தடை செய்துவிட்டார்கள். அந்த மகன் பிரான்ஸ் மண்ணில் எங்கோ இருக்கிறான். உடலே கிடைக்காமல் போயிருந்தால், தீப்வால் நினைவுச் சின்னத்தில் உள்ள 72,000-க்கும் மேற்பட்ட பெயர்களில் ஒன்றாக இருக்கலாம். ஊரில் உள்ளது பெற்றோர் செதுக்கிவைத்த நினைவு மட்டுமே. அதைக் குறிக்கும்போது 'நினைவுகூரப்படுகிறார்' என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு நாட்டில் இரண்டு கல்லறை உண்டாகிவிடும்.

சண்டை நின்ற 1918 நவம்பர் 11-க்குப் பிறகு இறந்தவரைப் போர்க்கணக்கில் சேர்க்காமல் விடுவதும் தவறு. ஆணையத்தின் கணக்கு முதல் உலகப்போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாவதற்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. 1919-இல் படையில் இருந்தபடியே காய்ச்சலில் போனவரும் இதில் அடங்குவார். படையிலிருந்து விலகிய பின் இறந்தவர் என்றால், சேவையால் வந்த காயமோ நோயோதான் காரணம் என்று காட்ட வேண்டும். அப்படிச் சேராமல் விடுபட்டவர்களை இறப்புச் சான்றிதழைத் தேடிக் கொடுத்துத் தன்னார்வலர்கள் இன்றும் சேர்த்துவருகிறார்கள்.

ஆவணக் காப்பகத்தில் ஆள் கிடைக்கவில்லை என்றதும் 'இவர் படையிலேயே இருந்திருக்க மாட்டார்' என்று முடிவு கட்டாதீர்கள். 1940 செப்டம்பரில் லண்டன் கிடங்கு ஒன்றில் குண்டு விழுந்து, முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் சேவை ஏடுகளில் பாதிக்கும் மேல் எரிந்துபோயின. பதக்க அட்டைகளையும், இறந்தவரின் பாக்கிச் சம்பளம் யாருக்குப் போனது என்று காட்டும் பதிவேடுகளையும் அடுத்துப் பாருங்கள். பின்னதில் தாய் பெயரோ மனைவி பெயரோ கிடைத்தால், கல்லில் உள்ள குடும்பத்தோடு பொருத்திப் பார்க்கலாம். பொய்ப் பெயரில் சேர்ந்தவர்களும் உண்டு, வயதைக் கூட்டிச் சொன்ன பையன்களும் உண்டு. வயது பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் ஆளை ஒதுக்க வேண்டாம்.

பட்டியலில் பெயர் இல்லாததற்கும் எல்லா இடத்திலும் ஒரே பொருள் இல்லை. 1815 வாட்டர்லூ பதக்கம் பதவி வேறுபாடின்றி எல்லோருக்கும் போனது. அதனால் 'வாட்டர்லூவில் போரிட்டவர்' என்று கல் சொல்லி, பதக்கப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் சந்தேகப்படலாம். ஆனால் அதற்கு முன் ஸ்பெயினில் போரிட்டவர்களுக்கான பதக்கம் 1847-இல்தான் அறிவிக்கப்பட்டது, உயிரோடு இருந்து விண்ணப்பித்தவர்களுக்கே கிடைத்தது. 1830-இல் இறந்தவர் அந்தப் பட்டியலில் எப்படி இருப்பார்?

ரெஜிமென்ட் பெயர்கள் இன்னொரு வலை. 1881 வரை காலாட்படைக்கு எண்தான் முக்கியம், பிறகு மாவட்டப் பெயர்கள் வந்தன. நம் பக்கத்து உதாரணம் ஒன்று: கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படை கம்பெனி ஆட்சி முடிந்ததும் 102-ஆம் ரெஜிமென்ட் ஆனது. 1881-இல் அதுவே ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன். ஒரு கல்லில் மதராஸ், இன்னொன்றில் டப்ளின் என்று இருப்பதைப் பார்த்து இரண்டும் சம்பந்தமில்லாத படைகள் என்று நினைத்தால் நூல் அறுந்துவிடும். கம்பெனிச் சிப்பாய்களை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் மட்டும் தேடுவதும் வீண் அலைச்சல். அவர்களின் ஏடுகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகத் தொகுப்பில் உள்ளன.

'செல்சி பென்ஷனர்' என்று பார்த்ததும் லண்டன் செல்சி மருத்துவமனையில் (பெயர்தான் மருத்துவமனை, உண்மையில் முன்னாள் சிப்பாய்களுக்கான இல்லம்) வாழ்ந்தவர் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலோர் ஓய்வூதியம் மட்டும் வாங்கிக்கொண்டு தங்கள் ஊரிலேயே இருந்தவர்கள்.

கல்லை மட்டும் நம்பித் தேடினால் கிடைப்பவர்களில் அதிகாரிகளே அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். ஏழைச் சிப்பாய்க்குக் கல் வைக்க யாரிடம் பணம் இருந்தது? இங்கிலாந்துத் திருச்சபையின் அடக்கப் பதிவேடு 1813 முதல் அச்சிட்ட படிவத்தில் இருக்கிறது. பெயர், வசிப்பிடம், அடக்கம் செய்த நாள், வயது எல்லாம் உண்டு, தொழிலுக்குக் கட்டம் இல்லை. ஆனால் அதே ஆண்டு முதல் ஞானஸ்நானப் பதிவேட்டில் தந்தையின் தொழில் உண்டு. பிள்ளைகளின் ஞானஸ்நானத்தைப் பார்த்து 'சிப்பாய்' என்ற சொல்லைப் பிடித்து, அங்கிருந்து தகப்பன் அடக்கமான நாளுக்கு வர வேண்டும். சுற்றுவழிதான், ஆனால் கல்லில்லாத ஆட்கள் இப்படித்தான் வெளியே வருகிறார்கள். 1752-க்கு முந்தைய ஏடு என்றால் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது என்பது நினைவிருக்கட்டும். 1745 பிப்ரவரி என்று எழுதியிருப்பது நம் கணக்கில் 1746.

கடைசியாக, கல்லைத் தொடும் கை. எழுத்து தெரியவில்லை என்று கம்பி பிரஷால் தேய்ப்பது, பிளீச் ஊற்றுவது, சாக்பீஸ் பூசுவது, வேர்விட்ட ஐவிக் கொடியைப் பிடுங்கி இழுப்பது எல்லாம் எழுத்தையே பெயர்த்துவிடும். கல் குடும்பத்தாருடையது, இடம் தேவாலயத்துடையது, சுத்தம் செய்யவும் அனுமதி கேட்க வேண்டும். படிப்பதற்கு வெளிச்சம் போதும். மாலைச் சாய்வெயிலில் போங்கள், இல்லையென்றால் ஒரு கண்ணாடியாலோ டார்ச்சாலோ பக்கவாட்டில் ஒளி பாய்ச்சுங்கள். நேர்வெளிச்சத்தில் மழுங்கலாகக் கிடந்த எண் நிழல் விழுந்ததும் எழுந்துவரும். அதை அப்படியே, பிழை இருந்தால் பிழையோடு, எழுதிக்கொள்ளுங்கள். திருத்தத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.