விடாத வலி: எங்கே ஏமாந்துபோகிறோம்?

பெரும்பாலான வலிகளுக்குத் தசை, மூட்டு, நரம்பு, செரிமானக் கோளாறுதான் காரணம். வலித்தாலே புற்றுநோய் என்று பதற வேண்டாம். ஆனால் வலியின் கடுமையை வைத்து ஆபத்தை எடைபோடுவது பெரிய தவறு. பல்வலி தாங்க முடியாமல் வலிக்கும், ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. கணையப் புற்றுநோயோ மேல்வயிற்றில் மந்தமான வலியாகத் தொடங்கி முதுகுக்குப் பரவலாம். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்று அடங்கும். பார்க்க வேண்டியது வலியின் போக்கை: ஓய்வெடுத்தும் விடவில்லையா, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, வாரத்துக்கு வாரம் கூடுகிறதா?

"மாத்திரை போட்டால் கேட்கிறதே" என்று நிம்மதி அடைவது அடுத்த தவறு. கட்டியால் வரும் வலியும் தொடக்கத்தில் மாத்திரைக்கு அடங்கலாம். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். சில வலி மாத்திரைகளைத் தினமும் போட்டால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடலாம்.

வளரும் பிள்ளைகளின் முழங்கால் வலியை விளையாட்டில் பட்ட அடி என்று விட்டுவிடுகிறோம். எலும்புப் புற்றுநோய் அந்த வயதில் அதிகம் வருவதும் முழங்காலை ஒட்டித்தான். ஒரே காலில் வலி, இரவில் கூடுகிறது, வீக்கமும் இருக்கிறது என்றால் உருவிவிடாதீர்கள், எக்ஸ்ரே எடுங்கள்.

ஒரு காது மட்டும் வாரக்கணக்கில் வலிக்கிறது, காதுக்குள் பார்த்தால் ஒன்றுமில்லை. சொட்டு மருந்தை மாற்றி மாற்றி விடுவது வீண். அடிநாக்கு, தொண்டை, காது மூன்றுக்கும் பொதுவான நரம்புகள் உண்டு. தொண்டைப் புண்ணின் வலி காதில் தெரியலாம். தொண்டையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வலி வரட்டும் என்று காத்திருப்பதும் தவறுதான். மார்பகக் கட்டி, சிறுநீரில் இரத்தம், 3 வாரம் ஆறாத வாய்ப்புண் ஆகியவை வலிக்காமலே புற்றுநோயாக இருக்கலாம்.

ஏற்கெனவே புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவருக்குப் புதிதாக முதுகுவலி வந்து, கால் தளர்ந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தண்டுவடம் நசுங்கத் தொடங்கியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் நடக்கும் திறன் திரும்பாமல் போகலாம்.

மருத்துவரிடம் "உடம்பெல்லாம் வலி" என்றால் போதாது. வலி தொடங்கிய தேதி, விரல் வைத்துக் காட்டும் இடம், விழித்த நேரங்கள், போட்ட மாத்திரைகள், உடல் எடை இவற்றை எழுதிக்கொண்டு போங்கள். 60 கிலோ இருந்தவர் முயற்சி இல்லாமலே 6 மாதத்தில் 3 கிலோ குறைந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்றதோடு நிறுத்திவிடாதீர்கள். எலும்பின் தாதுச் சத்தில் சுமார் 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகே சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு அரிக்கப்பட்டிருப்பது தெரியும். வலி தொடர்ந்தால் திரும்பிப் போய், எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள்.