பரிசளிக்கச் செய்யும் சாக்லேட் ட்ரஃபிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாக்லேட்டையும் க்ரீமையும் சேர்த்துக் கனாஷ் என்னும் கலவையாக்கி, ஆறியபின் உருண்டை பிடித்துக் கொக்கோ தூளில் புரட்டி எடுத்தால் ட்ரஃபிள் ஆகிவிடுகிறது. அடுப்பு வேலை குறைவு என்பதால், கிறிஸ்துமஸுக்கோ புத்தாண்டுக்கோ வீட்டிலேயே செய்து கொடுக்கப் பலர் துணிகிறார்கள். செய்த அன்றே வீட்டில் தின்று தீர்ப்பதானால் எந்தத் தவறும் பெரிதாகத் தெரிவதில்லை. நான்கு நாள் கழித்து இன்னொருவர் வீட்டில் பெட்டியைத் திறக்கும்போதுதான், இடையில் புகுந்த வெப்பமும் ஈரமும் தம் வேலையைக் காட்டியிருக்கும்.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. கேக் பொருட்கள் விற்கும் கடைகளில் ‘டார்க் காம்பவுண்ட்’ என்று கேட்டால் கிடைக்கும் கட்டியில், கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக எண்ணெய்ப்பனை விதைக் கொழுப்பு போன்ற தாவரக் கொழுப்பு இருக்கும். விலை குறைவு, உருக்கி ஊற்றினால் தானாகவே இறுகும், வெயிலையும் ஓரளவு தாங்கும் என்பதால் அது விரும்பப்படுகிறது. ஆனால் ட்ரஃபிள் வாயில் கரையும் சுகம், கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில், அதாவது உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே, உருகுவதால் கிடைப்பது. காம்பவுண்டில் செய்தால் அண்ணத்தில் ஒரு மெழுகுப் படலம்தான் மிஞ்சும். உறையின் முன்பக்கத்தை நம்பாமல் பின்பக்கத்திலுள்ள பொருள் பட்டியலைப் படித்து, கொழுப்பு என்ற இடத்தில் கொக்கோ வெண்ணெய் இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கையிலிருக்கும் காம்பவுண்டை வீணாக்க மனமில்லாமல் நல்ல சாக்லேட்டோடு கலந்து உருக்குவதும் தவறே. இருவகைக் கொழுப்பும் ஒன்றோடொன்று இணங்காமல், இறுகாத, விரைவில் வெளிறிப்போகும் கலவையாகிவிடும்.

க்ரீமில் நேரும் பிழை இன்னும் நுட்பமானது. வெளிநாட்டுச் செய்முறைகள் சொல்லும் க்ரீமில் 35 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு உண்டு. நம் கடைகளில் சிறு அட்டைப்பெட்டியில் வரும் ஃப்ரெஷ் க்ரீமில் பெரும்பாலும் 25 சதவீதம்தான் இருக்கும், மீதியில் பெரும்பங்கு தண்ணீர். 200 கிராம் டார்க் சாக்லேட்டுக்கு 100 கிராம் க்ரீம் என்ற வழக்கமான அளவை அப்படியே பின்பற்றினால் உருண்டை பிடிக்க வராமல் குழைந்து போவதற்கு இதுவே காரணம். ஃப்ரெஷ் க்ரீமானால் 80 கிராம் அளவில் நிறுத்திக்கொண்டு, உப்பில்லாத வெண்ணெய் 10 கிராம் சேர்ப்பது நல்லது. மில்க் சாக்லேட்டும் வெள்ளை சாக்லேட்டும் தம்மியல்பிலேயே இளகியவை என்பதால் அவற்றுக்கு க்ரீமை இன்னும் குறைக்க வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் கப் அளவில் சரிவராது. எடை பார்க்கும் தராசு கட்டாயம் தேவை. கேக்குக்கு அடித்துப் பூசும் பால்சாராத விப்பிங் க்ரீமில் ஏற்கெனவே சர்க்கரையும் தாவரக் கொழுப்பும் இருப்பதால் அது இதற்கு ஏற்றதன்று. வீட்டுப் பாலாடையைச் சேர்த்து வைத்துப் பயன்படுத்துவோரும் உண்டு. திப்பிதிப்பியாக நிற்பதோடு சீக்கிரம் புளித்தும் விடும் என்பதால், பிறருக்குக் கொடுக்கும் பண்டத்தில் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சாக்லேட்டைத் தனியாக உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும், அதிலுள்ள சர்க்கரைத் துகள்கள் அந்த ஈரத்தைப் பற்றிக்கொண்டு ஒட்டி, முழுக் கலவையும் மணல்மணலாகக் கட்டிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்கும் டபுள் பாய்லரில் கீழ்த்தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விடுவதும், ஈரக் கரண்டியால் கிளறுவதும், ஆவி திரண்டு சொட்டும்படி மூடி போடுவதும் இதனால்தான் கூடாது. அப்படிக் கட்டிவிட்டால் கொட்டிவிட வேண்டியதில்லை. சூடான க்ரீமைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கனாஷாகவே மாற்றிவிடலாம். உண்மையில் கனாஷுக்குச் சாக்லேட்டைத் தனியே உருக்கத் தேவையே இல்லை. பொடியாக நறுக்கிய சாக்லேட்டின்மேல், ஓரங்களில் குமிழி எழும் அளவுக்குச் சுடவைத்த க்ரீமை ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக மெதுவாகக் கிளறினால் போதும். க்ரீமை நெடுநேரம் கொதிக்க விட்டால் தண்ணீர் வற்றி அளவு மாறும். கலவை திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும். திரிந்த கனாஷை மறுபடி அடுப்பில் ஏற்றினால் நிலைமை மோசமாகுமேயன்றி, சரியாகாது. வெதுவெதுப்பான பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கலக்கினால் பெரும்பாலும் பளபளப்பு திரும்பிவிடும்.

மணம் சேர்ப்பதில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஃபில்டர் காபி டிகாஷனையோ பழச்சாற்றையோ க்ரீமுக்கு மேல் கூடுதலாக ஊற்றினால் உருண்டை இளகுவதோடு, விரைவில் கெடவும் செய்யும். காபித் தூளையோ தட்டிய ஏலக்காயையோ சூடான க்ரீமில் ஊறவைத்து வடிகட்டி, தூள் உறிஞ்சியது போக மீதியை மீண்டும் எடை பார்த்து, குறைந்த அளவுக்குப் புதுக் க்ரீம் சேர்ப்பதே முறை.

கடைகளில் இருப்பதுபோல் பளபளக்கும் சாக்லேட் ஓடு வேண்டும் என்ற ஆசைதான் பலரையும் கவிழ்க்கிறது. வெறுமனே உருக்கித் தோய்த்த சாக்லேட் சாம்பல் பூத்து, கைபட்டால் பிசுபிசுக்கும். கொக்கோ வெண்ணெய் சரியான படிக அமைப்பில் இறுக, டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரிவரை உருக்கி, 27 அல்லது 28 டிகிரிக்கு ஆறவிட்டு, மீண்டும் 31 அல்லது 32 டிகிரிக்கு உயர்த்தும் டெம்பரிங் வேண்டும். வெப்பமானி இல்லாமல் இதில் இறங்குவது வீண். அறையும் 22 டிகிரிக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. ஊட்டியில் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யக்கூடியதைச் சென்னையில் ஏசி அறையில்தான் செய்ய முடியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு தோய்ப்பதும் தவறு. உள்ளிருக்கும் கனாஷ் சூடேறி விரியும்போது ஓடு வெடித்துவிடும். புதிதாகச் செய்பவர்கள் ஓட்டை மறந்து, கொக்கோ தூளோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை. சர்க்கரை கலந்த டிரிங்கிங் சாக்லேட் தூள் ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும் என்பதால் இனிப்பில்லாத கொக்கோ தூளையே பயன்படுத்த வேண்டும். கொடுக்கும் நாளன்று இன்னொரு முறை புரட்டினால் திட்டுத்திட்டாக ஊறிய இடங்கள் மறையும்.

சாக்லேட் என்ற பெயரை வைத்து, இது மாதக்கணக்கில் இருக்கும் என்று எண்ணுவது எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. உள்ளே க்ரீம் இருப்பதால் ட்ரஃபிளைப் பால்கோவாவைப் போலவே நடத்த வேண்டும்: ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது, வெயிற்காலத்தில் வெளியே ஓரிரு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. கூரியரில் அனுப்புவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஃப்ரிட்ஜிலும் திறந்த தட்டில் வைத்தால், கொழுப்பு சுற்றியுள்ள வாசனைகளை இழுத்துக்கொள்ளும். சாம்பாரும் பலாச்சுளையும் மல்லிகைப் பூவும் ஒரே தட்டில் கிடக்கும் நம் ஃப்ரிட்ஜ்களில் இது சிறிய விஷயமன்று. காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்தபின் அரைமணி நேரமாவது மூடியைத் திறக்காமலிருந்தால்தான், காற்றின் ஈரம் குளிர்ந்த உருண்டைகளின்மேல் வியர்த்து நிற்காது.

பரிசுப் பெட்டிக்குள் ஒவ்வொரு உருண்டையையும் தனித்தனிக் காகிதக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். அட்டையில் நேரே வைத்தால் எண்ணெய் ஊறிக் கறை தெரியும். கூடவே ஒரு சீட்டில் செய்த தேதியையும், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்பதையும், பால், முந்திரி, பாதாம், வேர்க்கடலை போன்றவற்றில் எவை சேர்ந்துள்ளன என்பதையும் எழுதிவிட வேண்டும். ரம் சேர்த்திருந்தால் அதைச் சீட்டில் மட்டும் எழுதாமல் கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பெட்டியை முதலில் திறப்பவர்கள் அநேகமாக அந்த வீட்டுக் குழந்தைகளாகத்தான் இருப்பார்கள்.