சத்தமா படிச்சா படிச்சதா அர்த்தமா? இங்கிலீஷ் பாடத்துல நாங்க பண்ற தப்புங்க

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஒரு ஈராசிரியர் பள்ளியிலதான் நான் மொதல்ல வேலைக்கு சேந்தேன். அஞ்சு கிளாஸுக்கு ரெண்டு பேர், ஒரே ஹால், நடுவுல தட்டி கூட கிடையாது. அங்க மூணாவதுல ஒரு பையன் இருந்தான், இங்கிலீஷ் புக்க எடுத்தா கடகடன்னு படிப்பான், யாராவது அதிகாரி வந்தா நான் எழுப்பி விடுறது அவனத்தான். ஒரு நாள் அப்படித்தான் படிச்சான், வந்தவரு வெரி குட்னு முதுகுல தட்டிட்டு போயிட்டாரு. மத்தியானம் சும்மா அவன் பக்கத்துல போய் உக்காந்து பாத்தா, வாய்ல ஓடுறது நாலாவது பாடம், புக்ல தொறந்திருக்குறது அஞ்சாவது பாடம். பக்கத்த திருப்பி பாத்தேன், அவன் நிறுத்தல. புக்கையே தலைகீழா திருப்பி வெச்சேன், அப்பவும் விரலு வரி மேல அழகா ஓடுது, வாயும் நிக்கல. மொதல்ல சிரிப்பு வந்துச்சு, அப்புறம் வயித்த கலக்கிடுச்சு, ஏன்னா ஒண்ணாவதுல இருந்து அவனுக்கு இங்கிலீஷ் எடுத்தது நான்தான்.

அவன் மேல ஒரு தப்பும் இல்ல. நான் சத்தத்த கேட்டேன், அவன் சத்தத்த குடுத்தான், அவ்வளவுதான். கிளாஸே சேந்து கோரஸா கத்துறப்ப நாப்பது பேர்ல நாலு பேருதான் எழுத்த பாத்து படிக்கிறாங்க, மீதி பேரு அந்த நாலு பேரோட வாய பாத்து படிக்கிறாங்க. அதனால கோரஸ் வேணவே வேணாம்னு சொல்லல, பாட்டுக்கு அது நல்லாத்தான் இருக்கும், ஆனா படிக்க வந்துச்சான்னு பாக்க அது உதவாது. இப்பல்லாம் பாடத்துல இருக்குற வரிய அப்படியே கேக்க மாட்டேன், அதே வார்த்தைங்கள கலைச்சு போட்டு போர்டுல புதுசா ஒரு வரி எழுதி, இத படின்னு சொல்லுவேன். குட்டு அதுல தெரிஞ்சிடும்.

அடுத்த தப்பு நம்ம எல்லாரும் வளந்ததே அதுலதான், சி ஏ டி கேட், கேட்னா பூனை. ஒரு தடவ ஒரு பாப்பா கேட்டுச்சு, "சார், சி ஏ டி சேந்தா சியேட்டி தான வரணும், எப்பிடி கேட் வந்துச்சு?" பதில் சொல்ல முடியல. யோசிச்சு பாத்தா அது கேட்டது நூத்துக்கு நூறு சரி. தமிழ்ல எழுத்தோட பேரும் சத்தமும் அனேகமா ஒண்ணு, ப, ட, ம்-ன்னு சொல்லிட்டே போனா படம் வந்துடும். இங்கிலீஷ்ல எழுத்தோட பேரு வேற, அது போடுற சத்தம் வேற. 26 எழுத்த வெச்சுக்கிட்டு சுமார் 44 சத்தம் போடுற மொழி அது. 247 எழுத்து இருக்குற மொழியில இருந்து வர்ற புள்ளைக்கு 26 தான, ஈஸினு நாம நினைக்கிறோம், ஆனா புள்ளைக்கு அங்கதான் சிக்குது.

அதனால மொதல்ல பேரு வேணாம், சத்தம் போதும். ஏ-ல ஆரம்பிச்சு இசட் வரைக்கும் வரிசையா போகணும்னும் அவசியமே இல்ல. எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) இந்த ஆறு எழுத்தோட சத்தம் வந்துட்டா போதும், சிட், பின், டின், பேன், டேப்னு ஒரு டஜன் வார்த்தை புள்ளையே சேத்து படிச்சிடும். தானா ஒரு வார்த்தைய படிச்ச புள்ளையோட மூஞ்ச நீங்க பாக்கணும், அப்புறம் நீங்க போன்னாலும் போகாது.

ஆனா தி, ஒன், வாஸ் மாதிரி வார்த்தைங்கள சத்தத்த சேத்து படிக்க முடியாது, அங்க போய் சத்தம் சத்தம்னு அடம் புடிக்கிறது இன்னொரு தப்பு. இதெல்லாம் முகத்த அடையாளம் வெச்சுக்குற மாதிரி பாத்து பாத்துத்தான் வரும். எட்வர்ட் டோல்ச்னு ஒரு அமெரிக்க பேராசிரியர் 1930கள்லயே புள்ளைங்க புக்ல அடிக்கடி வர்ற 220 வார்த்தைய லிஸ்ட் போட்டு வெச்சாரு, இன்னைக்கும் அது புழக்கத்துல இருக்கு. ஒரே நாள்ல பத்து வேணாம், வாரத்துக்கு அஞ்சு அட்டை, அதுவும் விளையாட்டா.

இப்ப வர்றது நான் ரொம்ப நாளா பண்ணிட்டிருந்த தப்பு, இங்கிலீஷ் வார்த்தை மேல பென்சில்ல தமிழ்ல எழுதிக்க சொல்றது. கைடுலயும் அப்பிடித்தான் போட்டிருப்பாங்க. பெட்-னு எழுதுங்க. படுக்குற பெட்டா, வீட்ல வளக்குற பெட்டா? தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான். புள்ளை கண்ணு எப்பவும் தெரிஞ்ச எழுத்துக்குத்தான் போகும், கீழ இருக்குற இங்கிலீஷ அது பாக்கவே பாக்காது. நீங்களே சினிமா பாக்குறப்ப கீழ தமிழ்ல ஓடுச்சுன்னா அதத்தான பாப்பீங்க.

படுக்குற பெட்ல ஒரு ப, வளக்குற பெட்ல ஒரு ப, இந்த ரெண்டையும் பிரிச்சு சொல்லித்தர ஒரு வழி இருக்கு, காசு செலவே இல்ல. தொண்டையில கைய வெச்சுக்கிட்டு தம்பி-னு சொல்ல சொல்லுங்க, அப்புறம் பந்து-னு சொல்ல சொல்லுங்க. தம்பியில வர்ற ப-வுக்கு தொண்டை அதிரும், பந்துல வர்ற ப-வுக்கு அப்படி அதிராது. க-வ எடுத்துக்கிட்டா இன்னும் வேடிக்கை, கல்-ல ஒரு சத்தம், தங்கம்-ல ஒரு சத்தம், மகன்-ல ஒரு சத்தம். ஒரே எழுத்து எடத்துக்கு ஏத்த மாதிரி சத்தத்த மாத்தும்ங்குற விஷயம் நம்ம புள்ளைங்க வாய்ல ஏற்கனவே இருக்கு, நாமதான் அத எடுத்து காட்டுறதில்ல.

அப்புறம் நான் மாத்தலாகி கிருஷ்ணகிரி மாவட்டத்துல தேன்கனிக்கோட்டை பக்கம் வந்தேன். இங்க பாதி புள்ளைங்க வீட்ல தெலுங்கு, கன்னடம், சில வீட்ல உருது, பள்ளிக்கூடத்துல தமிழ், அதுக்கு மேல இங்கிலீஷ். வந்த புதுசுல நானும் "வீட்டு பாஷைய வீட்ல வெச்சுட்டு வா"ன்னு அதட்டிருக்கேன், இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. ஏன்னா நான் தொண்டைய புடிச்சு புடிச்சு சொல்லித்தந்த அந்த ப வித்தியாசம் இவங்க காதுல பொறந்ததுல இருந்தே இருக்கு. தெலுங்குல மாமன் மகன பாவ-ன்னு கூப்புடுறப்ப வர்ற ப வேற, பால பாலு-ன்னு சொல்றப்ப வர்ற ப வேற. பாவ-ல வர்றது பெட்ல படுக்குறப்ப வர்றது, பாலு-ல வர்றது வளக்குற பெட்டுக்கு வர்றதுன்னு சொன்னேன், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சு போச்சு. பாலக்கோட்டுல ஒரு மாசம் ஆன வேலைங்க இது.

வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் சொல்றதும் இப்படித்தான். தேர் அங்கே, ஈஸ் இருக்கிறது, எ ஒரு, க்ரோ காகம். கடைசியில புள்ளை, "அங்கே இருக்கிறது ஒரு காகம்"னு ஜன்னல எட்டி பாக்குது. காக்காவ காணோம். கதைய மொதல்ல முழுசா நம்ம பேச்சுல சொல்லிடணும், சிரிச்சு, பயந்து, எல்லாம் ஆகட்டும், அப்புறம் அதே கதைய இங்கிலீஷ்ல படத்த காட்டி படிச்சா பாதி வார்த்தைக்கு அர்த்தமே கேக்க மாட்டாங்க. ஒரே கதை ரெண்டு மொழியிலயும் வேணும்னா பிரதம் புக்ஸ்ங்குற பதிப்பகம் 2015ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் வெப்சைட்ல ஓசியிலயே கிடைக்குது, லெவல் வாரியா பிரிச்சிருக்காங்க, பிரிண்ட் கூட எடுத்துக்கலாம்.

நாலு கோடு நோட்டு பத்தி ஒரே வார்த்தை. கையெழுத்து முத்து முத்தா இருந்தா படிப்பு வந்துடுச்சுன்னு பெத்தவங்களும் நம்புறாங்க நாமளும் நம்புறோம், அது படம் வரையிறது, படிக்கிறது வேற. தப்பு பண்ணா பத்து தடவ எழுதுன்னு தண்டனை குடுத்தா அந்த வார்த்தை மேலதான் வெறுப்பு வரும்.

புள்ளை படிச்சிட்டு இருக்குறப்ப குறுக்க பூந்து திருத்துறத நிறுத்த எனக்கு பல வருஷம் ஆச்சு. பஸ்ஸு, புக்கு, இஸ்கூலுன்னுதான் வரும், நம்ம நாக்கு பழகுனது அப்படி, க், ஸ் மாதிரி புள்ளி வெச்ச எழுத்துல வார்த்தைய நிறுத்த அதுக்கு வராது. அர்த்தம் மாறலன்னா விட்டுடலாம். ஒரு வார்த்தையில முட்டி நின்னா நான் மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுவேன், அதுக்குள்ள முக்காவாசி நேரம் அதுவே கண்டுபுடிச்சிடும். இந்த அஞ்சு எண்ணுறது சொல்றதுக்கு ஈஸி, வாய அடக்குறது இருக்கே, வாத்தியார் வேலையிலயே அதுதான் கஷ்டம்.

சரி, இப்ப ஒரு பீரோ கதை சொல்றேன். நான் வேலை பாத்த ஒரு பள்ளியில நூத்துக்கணக்குல புக் இருந்துச்சு, எல்லாம் பீரோவுல, பீரோவுக்கு பூட்டு, சாவி ஹெட்மாஸ்டர் பைக்கு சாவியோட கோத்திருக்கும். அவர் மீட்டிங் போயிட்டா லைப்ரரியும் அவரோடயே போயிடும். கேட்டா, கிழிஞ்சா யாரு பதில் சொல்றது, ஸ்டாக் ரிஜிஸ்டர்ல கணக்கு காட்டணும்ல-ம்பாரு. அவரையும் குறை சொல்ல முடியாது, காணாம போனா பாக்கெட்ல இருந்து கட்ட வேண்டி வரும்ங்குற பயம் எல்லாருக்கும் இருக்கு. சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931லயே நூலகத்துக்கு அஞ்சு விதி போட்டாரு, அதுல மொத விதியே புத்தகம் பயன்படுத்துறதுக்குத்தான்னு இருக்கு. நம்ம பீரோவுக்கு மட்டும் அந்த சேதி போய் சேரல.

ரொம்ப கெஞ்சி முப்பது புக் மட்டும் வாங்கி, ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல கயிறு கட்டி, துணி காயப்போடுற கிளிப்ல மாட்டி விட்டேன், புள்ளை கைக்கு எட்டுற உயரத்துல. அட்டை தெரியணும், அதுதான் முக்கியம், அடுக்கி வெச்சா முதுகுதான் தெரியும், முதுக பாத்து எந்த புள்ளையும் ஆசைப்படாது. வருஷக் கடைசியில நாலு புக்கு நார் நாரா போச்சு, ஒண்ண காணோம். காணாம போனது ஒரு யானை கதை, எந்த வீட்ல இருக்குன்னு எனக்கு தெரியும், கேக்கல. இப்ப அரசாங்கமே வாசிப்பு இயக்கம்னு நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா பிரிச்சு சின்ன சின்ன புக்கா குடுக்குது, நாலாவது அஞ்சாவதுக்கு ஊஞ்சல் இதழும் வருது. அதையும் பீரோவுக்குள்ள வெச்சு பூட்டிடாதீங்க.

எந்த கதைய படிச்சாலும் ஒடனே "இதுல இருந்து என்ன நீதி தெரிஞ்சுக்கிட்ட?"ன்னு கேக்குறது இருக்கே, படிக்கிற ஆசைய கொல்ல அத விட நல்ல வழி இல்ல. நாம ஒரு படம் பாத்துட்டு வெளிய வர்றப்ப தியேட்டர் வாசல்ல ஒருத்தர் நின்னு அஞ்சு கேள்வி கேட்டா அடுத்த படத்துக்கு போவோமா? எதுவும் கேக்காம விட்டா அதுங்களே வந்து சொல்லும், அதுவும் நாம எதிர்பாக்காதத. முயல் கதையில ஒருத்தன், "அந்த ஆமைக்கு வேற வேலையே இல்லையா சார்"னான்.

புக்குல இருக்குறது மட்டும்தான் இங்கிலீஷ்னு நெனைக்கிறதும் தப்புதான். வீட்ல கிடைக்குற இங்கிலீஷ் பேப்பர் எதாவது கொண்டாங்கன்னு சொன்னேன், பிஸ்கட் கவரு, ஷாம்பு பாக்கெட், மாம்பழ ஜூஸ் டப்பான்னு வந்துச்சு. ஒருத்தன் காலி உர மூட்டையையே சுருட்டி கக்கத்துல வெச்சு கொண்டாந்துட்டான். வெள்ளை மூட்டையில பெரிய எழுத்துல நாலு எழுத்து, யூ, ஆர், இ, ஏ. சத்தம் போட்டு சேத்தான், உ...ரெ...அ, உரெஅ. ஒண்ணும் புரியல. திரும்ப உரெ, உரிய, உரியா-ன்னு இழுத்தான், சட்டுனு கண்ணு விரிஞ்சுது, "சார், யூரியா! எங்க ஆயா ராகிக்கு போடுறது!" நான் வாயே தொறக்கல. எழுத்து பாதி தூரம் கூட்டிட்டு போச்சு, மீதி தூரம் அவன் கொல்லைக்காடு கூட்டிட்டு போச்சு. படிக்கிறதுன்னா அது ரெண்டும் சேந்ததுதான். அன்னைக்கு நைட்ரஜன் 46 சதவீதம்ங்குறது வரைக்கும் அந்த மூட்டையிலயே பாடம் ஓடுச்சு, கிளாஸ் பூரா ஒரே உர வாசம்.

நேரம் இல்லன்னு சொல்றவங்களுக்கு: எமிஸ்னு புள்ளைங்க விவரத்த ஆன்லைன்ல ஏத்துற வேலை, பயிற்சி, டெஸ்ட்டுனு நாள் ஓடிடுது, ஒத்துக்குறேன். ஆனா 2023 ஆகஸ்ட்ல இருந்து அரசு தொடக்கப் பள்ளி எல்லாத்துலயும் காலை உணவு வந்துட்டதால புள்ளைங்க சீக்கிரமே வந்துடுறாங்க, சாப்ட்டு கை கழுவுனதுக்கும் பிரேயர் பெல்லுக்கும் நடுவுல பதினஞ்சு நிமிஷம் கிடைக்குது. அந்த நேரத்துல யாரும் எதையும் கேக்க கூடாது, நானும் ஒரு புக்க எடுத்துட்டு உக்காந்துடுவேன். வாத்தியார் போன பாத்துட்டு புள்ளைய படின்னா அது நடக்காது, சோதிச்சு பாத்துட்டேன்.

வீட்டு பக்கம் வந்தா, எங்க ஊர்ல பாதி அப்பா அம்மா பெங்களூர்ல கட்டட வேலை, புள்ளை ஆயாகிட்ட. போன்ல பேசுனா "நல்லா படிக்கிறியா?", அதுக்கு "ம்", அதோட முடிஞ்சுது. அதுக்கு பதிலா அரை பக்கம் படிச்சு வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்ப சொல்றோம், ஆயாவுக்கு எழுத்து தெரியாட்டியும் பக்கத்துல உக்காந்து கேட்டா போதும், கதை அவங்களுக்கும் ஓடும். தப்பு இருந்தா திருத்தாதீங்க, அடுத்து என்னாச்சுன்னு மட்டும் கேளுங்கன்னு பெத்தவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன். ரெண்டு நிமிஷத்துக்கு மேல வேணாம், சைட்ல கலவை மிஷின் சத்தத்துல அதுக்கு மேல அவங்களுக்கு கேக்கவும் கேக்காது.