வாரண்டி ஓடும் காரில் வெளி ஸ்பேர்: நம்மூரில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

வேலூரில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைப்பதில் பஞ்சமே கிடையாது. ஊருக்குள் இல்லாத சாமானுக்கு ஒரு பக்கம் சென்னை ஜி.பி. ரோடு, இன்னொரு பக்கம் பெங்களூரு ஜே.சி. ரோடு. ஷோரூம் எஸ்டிமேட்டைப் பார்த்து முகம் சுருங்கிய உடனே, "அதே சாமான் பாதி விலைக்கு வாங்கித் தரேன்" என்று சொல்ல யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். எட்டு வருட வண்டியாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டி என்றால்தான் குழப்பம்.

இதில் நம் ஆட்கள் இரண்டு கட்சி. வைப்பர் பிளேடு மாற்றக்கூட பயந்துகொண்டு ஷோரூமுக்கே ஓடுகிறவர்கள் ஒரு கட்சி. "யாரு பாக்கப் போறா சார்" என்று வயரை வெட்டி விளக்கு மாட்டுகிறவர்கள் இன்னொரு கட்சி. இரண்டு பேருக்கும் காசு வீணாகத்தான் போகிறது. வெளிச் சாமான் ஒன்று போட்டதும் வாரண்டி மொத்தமாகப் போய்விடாது. எதை மாற்றினீர்கள், அது வண்டியில் எதையெல்லாம் தொடுகிறது, அந்த வட்டத்துக்குள்தான் தகராறு வரும். இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

"வெளியே கை வெச்சா வாரண்டி கேன்சல்" என்பதை அப்படியே நம்புவது

சர்வீஸ் அட்வைசர்கள் வாய்வார்த்தையாக இதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று கொடுத்த உத்தரவைப் படித்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. உதிரி பாகங்களை வெளிச் சந்தைக்கு விடாமல் தங்கள் டீலர்களுக்குள்ளேயே அடைத்து வைத்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டார்கள். அதோடு, வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் சொன்னார்கள். வெளியே செய்த தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதம் ஏற்பட்டதோ, அந்த அளவுக்கு மட்டும் வாரண்டியை மறுக்கலாம். இதுதான் அந்த உத்தரவின் சாரம்.

கம்பெனிகள் இதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போயின. அதனால் அந்த உத்தரவை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் கவுண்டரில் நின்று ஜெயித்துவிடலாம் என்று எண்ணவேண்டாம். வாரண்டிப் புத்தகத்தில் "கம்பெனி பாகங்கள் அல்லாதவற்றால் ஏற்படும் பழுதுக்குப் பொறுப்பில்லை" என்ற வரி இன்றைக்கும் இருக்கும். அதில் "ஏற்படும் பழுது" என்ற இரண்டு வார்த்தைகளை நிதானமாகப் படியுங்கள். வெளியில் வாங்கிய ஏர் ஃபில்டருக்கும் ஜாம் ஆன பவர் விண்டோ மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், பல்பு, ஃபில்டர் போன்ற தேய்கிற சாமான்களுக்கு ஓட்டித் தேய்ந்ததற்காக கம்பெனி வாரண்டியே கிடையாது. டயரும் பேட்டரியும் பெரும்பாலும் அந்தந்த டயர், பேட்டரி கம்பெனியின் பொறுப்பு. இல்லாத வாரண்டி போய்விடுமோ என்று பயந்து ஷோரூம் விலை கொடுப்பவர்கள் நிறைய. இன்னொரு பக்கம், பேட்டரியோடு வரும் கார்டைத் தொலைத்துவிட்டு, நம்மூர் வெயிலில் பேட்டரி சீக்கிரம் படுத்த பிறகு தேடுகிறவர்கள் அதைவிட நிறைய.

கம்பெனி சாமான் இல்லாததெல்லாம் டூப்ளிகேட் என்று ஒரே மூட்டையில் கட்டுவது

கார் கம்பெனி எல்லா பாகத்தையும் தானே செய்வதில்லை. பிரேக்ஸ் இந்தியாவின் தொழிற்சாலை நம் பக்கத்துச் சோளிங்கரில் இருக்கிறது. அரக்கோணம் பக்கம் எம்.ஆர்.எஃப். டயர் தயாராகிறது. இப்படிப்பட்ட தயாரிப்பாளர்கள் கார் கம்பெனிக்கும் கொடுப்பார்கள், தங்கள் சொந்தப் பெயரிலும் கடைகளுக்கு விற்பார்கள். கார் கம்பெனி பெட்டியில் வந்தால் ஜெனியூன், தயாரிப்பாளர் பெட்டியில் வந்தால் ஓ.இ.எம். பிராண்ட் என்று கடைக்காரர் சொல்வார். இவை போக, உங்கள் மாடலுக்குப் பொருந்தும்படி வேறு கம்பெனிகள் செய்யும் நல்ல சாமான்கள் உண்டு. கடைசியாக, ஜெனியூன் பெட்டியையே காப்பியடித்து அச்சடித்த போலி.

இந்த நாலில் ஆபத்தானது போலிதான். வாங்கியவர் "கம்பெனி சாமான்தானே போட்டேன்" என்று நம்பிக்கையோடு இருப்பார். பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்.ஆர்.பி., புகார் எண் எல்லாம் இருக்கவேண்டும் என்பது சட்டம். பெட்டியிலுள்ள பார்ட் நம்பரை உங்கள் வண்டிக்கு உரிய பார்ட் நம்பரோடு ஒப்பிடுங்கள்.

பிரேக் பேடை கையில் எடுத்துப் பார்த்தாலே கொஞ்சம் தெரியும். வண்டியிலிருந்து கழற்றிய பழைய பேடைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதுகுத் தகட்டில் சத்தத்தை அடக்க ஒட்டிய மெல்லிய ஷிம் இருக்கிறதா? பேட் தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று எச்சரிக்கும் சின்ன உலோக நாக்கு பழையதில் இருந்து புதியதில் காணோமா? தகட்டில் நம்பர் குத்தியிருக்கிறதா, வெறும் பெயின்ட் மட்டும்தானா? விலையைப் பிறகு பேசலாம். டிஸ்க்கைக் கீறிவிடும் மட்டமான பேடைப் போட்டுவிட்டு, வாரண்டியில் டிஸ்க் மாற்றிக் கொடு என்று கேட்டால் மறுக்கத்தான் செய்வார்கள். அதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது.

வயரை வெட்டுவது

வாரண்டி மறுக்கப்படும் கதைகளைக் கேட்டால் பாதிக்கு மேல் இங்கேதான் வந்து நிற்கும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சத்துவாச்சாரியில் எனக்குத் தெரிந்த ஒருவர் டச் ஸ்கிரீன் இல்லாத மாடலை வாங்கி, வெளியில் ஸ்டீரியோவும் ரிவர்ஸ் கேமராவும் மாட்டினார். ஸ்டீரியோ நல்ல பிராண்ட்தான். மாட்டியவர் கப்ளர் (வயரை வெட்டாமல் சொருகி இணைக்கும் பிளக்) வாங்கச் சோம்பல்பட்டு வயரை வெட்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டார். கேமராவுக்கு ரிவர்ஸ் லைட் வயரைச் சுரண்டி அதிலிருந்தே கரன்ட் எடுத்தார். மழைக்காலம் வந்தது. சென்ட்ரல் லாக் நினைத்தபோது வேலை செய்யும், நினைத்தபோது செய்யாது என்று ஆனது. சர்வீஸ் சென்டரில் பேனலைத் திறந்தார்கள், டேப் சுற்றிய இடத்தை போட்டோ எடுத்தார்கள், "வெளி வயரிங்" என்று ஜாப் கார்டில் எழுதினார்கள். லாக்குக்கும் ஸ்டீரியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று இவர் கேட்டார். இன்றைய கார்களில் விளக்கு, லாக், கண்ணாடி எல்லாமே ஒரு கன்ட்ரோல் பெட்டியின் வழியாகப் போகின்றன, வெட்டிய வயரும் அந்தப் பெட்டிக்குத்தான் போகிறது என்று காட்டினார்கள். பெட்டியின் விலை முழுவதும் அவர் கையிலிருந்து போனது.

ஸ்டீரியோவே மாட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் மாடலுக்கென்றே கப்ளர் செட் கிடைக்கிறது. கம்பெனி கப்ளரில் சொருகினால் போதும், ஒரு வயரும் வெட்டவேண்டாம். கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும். கடையில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கட்டிங் பிளேயர் வெளியே வந்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். கழற்றிய கம்பெனி ஸ்டீரியோவைப் பத்திரமாக வையுங்கள்.

விளக்குகளிலும் இதே கதைதான். 60/55 வாட் பல்புக்காகப் போட்ட வயரிங்கில் 100/90 வாட் பல்பை மாட்டினால் ஹோல்டர் உருகும், ஹெட்லைட்டின் உள்பக்கம் கருகும். இரவில் பெங்களூரு ஹைவேயில் வெளிச்சம் போதவில்லை என்ற கஷ்டம் உண்மையானதுதான். அதே வாட்டில் நல்ல பிராண்ட் பல்பு போட்டு, ஹெட்லைட் உயரத்தைச் சரி செய்தாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

ஏ.சி. கேஸை வெளியில் ஏற்றுவது

மே மாதத்தில் காட்பாடியிலிருந்து ஆற்காடு போய் வந்தவர்களுக்கு, ஏ.சி. குளிரவில்லை என்றால் எவ்வளவு அவசரம் என்று சொல்லவேண்டியதில்லை. அந்த அவசரத்தில் "கேஸ் டாப் அப்" போர்டு போட்ட முதல் கடையில் நிறுத்திவிடுகிறோம்.

ஏ.சி. என்பது மூடிய அமைப்பு. பெட்ரோல் மாதிரி கேஸ் செலவாகித் தீர்வதில்லை. புது வண்டியில் கேஸ் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். குழாயோ கூலிங் காயிலோ தானாகக் கசிந்தால் அது வாரண்டியில் மாற்றவேண்டிய குறை. வெளியில் ஏற்றியதும் கொஞ்ச நாள் குளிரும், குறை மறைந்துவிடும். உள்ளே போனது எந்த கேஸ், எந்த ஆயில், கசிவை அடைக்கும் கெமிக்கல் ஏதாவது கலந்ததா என்று யாருக்கும் தெரியாது. அடுத்து கம்ப்ரஸர் ஜாம் ஆனால் சண்டை போட உங்களிடம் ஒன்றும் இருக்காது. வாரண்டி வண்டியில் ஏ.சி. குளிரவில்லை என்றால் நேரே சர்வீஸ் சென்டருக்குப் போய், "குளிர்ச்சி குறைவு, கசிவு பார்க்கவும்" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் விஷயமும் இதற்குச் சொந்தம்தான். கூலன்ட் குறைந்தால் வீட்டு போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் படிவு கட்டும். சூடேறி ஹெட் கேஸ்கெட் போனால், திறந்து பார்க்கிறவர்களுக்கு வாரண்டியை மறுக்க அந்தப் படிவு ஒன்றே போதும்.

ஆயிலில் மிச்சம் பிடிப்பது

பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இன்ஜின்களில் ஆயில் கிரேடு விளையாட்டு விஷயம் இல்லை. புது பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20, சிலவற்றுக்கு 0டபிள்யூ-16 என்று மெல்லிய ஆயில் சொல்லியிருப்பார்கள். "நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50 ஊத்துங்க" என்ற பழைய அறிவுரை இவற்றுக்குப் பொருந்தாது. டி.பி.எஃப். (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருக்கிற டீசல் வண்டியில் சாம்பல் குறைவாக விடும் வகை ஆயில்தான் ஊற்றவேண்டும், இல்லாவிட்டால் அந்த ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். வண்டியோடு வந்த கையேட்டில் போட்ட கிரேடும் தர எண்ணும் ஒத்துப்போனால் எந்த நல்ல பிராண்ட் ஆயிலும் இன்ஜினுக்குச் சரிதான்.

ஆயில் ஃபில்டரைச் சின்னச் சாமான் என்று தள்ளாதீர்கள். மாட்டும் முன் அதன் வாய்க்குள் பாருங்கள். நடு ஓட்டையைச் சுற்றிச் சின்ன ஓட்டைகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு ரப்பர் மடல் தெரியும். இன்ஜின் நின்ற பிறகு ஆயில் பின்னால் வழிந்துவிடாமல் பிடித்து வைப்பது அதுதான். மட்டமான ஃபில்டரில் அது சீக்கிரம் விறைத்துப்போகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் இன்ஜின் வறட்டுச் சத்தம் போடும். அந்த நொடிகளில் தேய்கிற தேய்மானம் நம் கணக்கில்தான் ஏறும்.

சீட் கவரையும் கவனியுங்கள். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் வண்டிக்கு, அந்த இடத்தில் பிரியும்படி தைத்த கவர்தான் போடவேண்டும். பம்பருக்கு முன்னால் புல் பார் என்ற இரும்புக் கம்பித் தடுப்பை மாட்டுவதை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடுக்கச் சொல்லிவிட்டது. அதை மாட்டினால் ஏர்பேக் சரியான நேரத்தில் திறக்குமா என்பதே சந்தேகம். இந்த இரண்டிலும் வாரண்டியைவிட உயிர்தான் பெரிய விஷயம்.

பில் இல்லாமல் வேலை செய்வது

வெளியில் செய்த வேலைக்கு ஜி.எஸ்.டி. பில் கேட்டால் "பில் இல்லாம கொஞ்சம் கம்மி பண்ணித் தரேன்" என்பார்கள். அந்தக் கொஞ்சத்துக்கு ஆசைப்படாதீர்கள். பில்லில் தேதி, கிலோமீட்டர், வண்டி நம்பர், சாமானின் பிராண்ட், பார்ட் நம்பர், ஆயில் கிரேடு எல்லாம் இருக்கட்டும். சர்வீஸ் தேதியையும் தள்ளிப் போடாதீர்கள். வெளிச் சாமானைக் காட்டி மறுப்பதைவிட, விட்டுப்போன சர்வீஸைக் காட்டி மறுப்பது கம்பெனிக்குச் சுலபம். காசு கொடுத்து நீட்டித்த வாரண்டி தனி ஒப்பந்தம், அதன் விதிகளைத் தனியாகப் படிக்கவேண்டும்.

வாய்வார்த்தையாக மறுத்ததும் திரும்பி வருவது

"இது வாரண்டில வராது சார்" என்று சொன்னால், எந்தக் காரணத்தால், எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் கொஞ்சம் யோசிப்பார்கள். தராவிட்டால் நீங்களே கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில் அனுப்புங்கள். அடுத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. காருக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. மறுத்த கோபத்தில் வண்டியை நேரே நம்ம மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் பிரித்து, புதுச் சாமான் போட்டு, பழையதை இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். குறை என்ன என்று தெரிய, பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அனுப்பச் சாமான் இருக்கவேண்டும் இல்லையா? வண்டி இல்லாமல் முடியவே முடியாது, ரிப்பேர் செய்தே ஆகவேண்டும் என்றால், பிரிக்கும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, மெக்கானிக்கிடம் நிலைமையை எழுதி வாங்கி, கழற்றிய பாகத்தைப் பையில் கட்டி வீட்டில் வையுங்கள்.